பழைய எண், புதிய எண்: தீர்ப்புகளின் முகவரி வரலாறு

(2009) 9 எஸ்.சி.சி. 737.

பார்க்க ஏதோ பேங்க் லாக்கர் எண் மாதிரி இருக்கும் இது, ஒரு தீர்ப்பின் முகவரி. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களும் நொய்யல் கரை விவசாயிகளும் பல ஆண்டுகள் எதிரெதிரே நின்ற வழக்கில், 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வழக்கின் முழுப்பெயர்: திருப்பூர் சாயத் தொழிற்சாலை உரிமையாளர்கள் சங்கம் எதிர் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். சாயக்கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22-ல் சொன்னதை இது உறுதிசெய்தது. சொன்னபடி நடக்காததால் 2011 ஜனவரி 28-ல் பட்டறைகளையே மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். அந்த வருடம் திருப்பூர் பட்ட பாடு நம்ம பக்கத்துக்காரங்க எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தென்னையும் மஞ்சளும் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு அதற்கெல்லாம் முந்தையது.

இப்போது அந்த முகவரியை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள். எஸ்.சி.சி. என்பது லக்னோவில் உள்ள ஈஸ்டர்ன் புக் கம்பெனி 1969 முதல் வெளியிட்டு வரும் சட்ட இதழ். 2009-ல் அந்த இதழின் ஒன்பதாவது தொகுதியை எடு, 737-ஆம் பக்கத்தைத் திற. முகவரி சொல்வது இவ்வளவுதான். தீர்ப்பின் தேதி அதில் இல்லை. நீதிபதி பெயர் இல்லை. ஆற்றின் பெயரும் இல்லை. ஒரு தனியார் பதிப்பாளர் எந்தப் பக்கத்தில் அச்சடித்தார் என்பது மட்டும் இருக்கிறது.

அதே தீர்ப்புக்கு இன்னொரு முகவரி: ஏ.ஐ.ஆர். 2010 எஸ்.சி. 3645. இது நாக்பூரில் தொடங்கிய ஆல் இந்தியா ரிப்போர்ட்டரின் கணக்கு. தீர்ப்பு 2009, இங்கே வருடம் 2010. காரணம், அந்த இதழ் அதை அடுத்த வருடத் தொகுதியில் அச்சிட்டது. நம்ம ஊர் வாசல்களில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்களே, அந்தக் கதைதான். வீடு ஒன்று, கதவிலக்கம் இரண்டு. கொரியர்காரர் எந்த எண்ணோடு வருவார் என்று தெரியாததால் வக்கீல்களும் மனுவில் இரண்டையும் போட்டு வைக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய சிக்கல் என்று தோன்றலாம். அரசமைப்பின் 141-ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. அப்படியென்றால் தீர்ப்பும் சட்டம்தான். சட்டமன்றம் இயற்றும் சட்டத்துக்கு அரசே எண் கொடுத்து அரசிதழில் வெளியிடுகிறது. தீர்ப்பாக வரும் சட்டத்துக்கு மட்டும் எண் கொடுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகப் புத்தகக் கம்பெனிகளிடமே இருந்தது. இது எப்படி நடந்தது, மென்பொருள் வந்தபிறகு என்ன ஆனது, இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முன்சீப் தொகுத்த புத்தகம்

தமிழில் தீர்ப்புத் தொகுப்பு என்ற எண்ணம் புதிதில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பள்ளியில் படித்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தொழிலால் மாவட்ட முன்சீப். சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-ல் வெளியிட்டார். நாவல் வந்தது அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1879-ல். ஆங்கிலம் தெரியாதவர்களும் முன்தீர்ப்புகளைப் படிக்க ஒரு வழி அந்தப் புத்தகம்.

அதே 1862-ல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியது. அதன் தீர்ப்புகள் மெட்ராஸ் ஹைகோர்ட் ரிப்போர்ட்ஸ் என்ற வரிசையில் வரத் தொடங்கின. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனால் அந்தத் தீர்ப்புகளுக்கு வேறு வரிசை. ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கை இன்றும் '12 எம்.ஐ.ஏ. 397' என்கிறார்கள். மூர் என்பவர் தொகுத்த இந்திய மேல்முறையீடுகள் வரிசையில் பன்னிரண்டாம் தொகுதி, 397-ஆம் பக்கம். தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் எழுதிய சாஸ்திரத்தை விஞ்சும் என்று 1868-ல் சொன்ன தீர்ப்பு அது. எண் மட்டும் மூர் வீட்டு எண்.

1875-ல் பிரிட்டிஷ் அரசு இதை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சட்டம் அந்த வருடம் வந்தது. அடுத்த வருடமே ஐ.எல்.ஆர். வரிசைகள் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய், அலகாபாத் என்று நான்காகத் தொடங்கின. அரசு அதிகாரத்தோடு வரும் தொகுப்பைத் தவிர வேறொன்றைக் காட்டினால் நீதிமன்றம் கேட்கக் கடமைப்பட்டதல்ல என்றது சட்டத்தின் மூன்றாம் பிரிவு. ஏட்டில் பார்த்தால் முகவரி கொடுக்கும் உரிமை அரசிடம் பத்திரமாக இருந்தது.

நடைமுறை வேறு மாதிரி போயிற்று. அதிகாரபூர்வத் தொகுப்பு மெதுவாக வந்தது. நாளைக்கு வழக்கு வாதத்துக்கு வருகிற வக்கீலுக்குப் போன மாதத் தீர்ப்பு வேண்டும். அந்த இடைவெளியில் தனியார் நுழைந்தார்கள். மயிலாப்பூர் வக்கீல்கள் 1891-ல் மெட்ராஸ் லா ஜர்னலைத் தொடங்கினார்கள். 1910-ல் மெட்ராஸ் வீக்லி நோட்ஸ், 1914-ல் லா வீக்லி. வாரப்பத்திரிகை வேகத்தில் தீர்ப்பு கைக்கு வந்தது. தலைக்குறிப்பு போட்டு, எந்தச் சட்டப்பிரிவு என்று வகைபிரித்து, வருடக் கடைசியில் அட்டவணையும் கொடுத்தார்கள். நீதிபதிகளும் அதைத்தான் வாங்கிப் படித்தார்கள். படித்ததைத்தான் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்கள். மூன்றாம் பிரிவு புத்தகத்தில் இருக்க, வழக்கம் விஞ்சிவிட்டது. ராமநாதபுரம் தீர்ப்பு சொன்னது சட்ட இதழ்களுக்கே பொருந்திப் போனது.

அவர்கள் செய்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. அரசு விட்ட வேலையை எடுத்துச் செய்தவர்கள். ஆனால் வேலையோடு சேர்ந்து இன்னொன்றும் அவர்கள் கைக்குப் போனது. அதுதான் பக்க எண்.

கம்பாசிட்டர் கையில் சட்டம்

ஈய எழுத்துக் காலத்தில் ஒரு பக்கம் எங்கே முடியும் என்பதைக் கம்பாசிட்டரும் ஃபோர்மேனும்தான் முடிவு செய்வார்கள். எழுத்தின் அளவு, வரிக்கு வரி விட்ட இடம், ஃபாரத்துக்கு இத்தனை பக்கம் என்ற காகிதக் கணக்கு, முந்தைய தீர்ப்பு எவ்வளவு இழுத்தது என்பதெல்லாம் சேர்ந்து இந்தத் தீர்ப்பு 737-ல் தொடங்குமா 741-ல் தொடங்குமா என்று தீர்மானிக்கும். நீதிபதிக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அச்சாகி பைண்ட் செய்த பிறகு அது மாறாது. சென்னையில் உள்ள தொகுதியிலும், கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் உள்ள தொகுதியிலும் 737 ஒரே இடம்தான். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி நிலைத்திருப்பதுதான் நல்ல முகவரியின் இலக்கணம். அச்சு அதைத் தற்செயலாகக் கொடுத்தது.

ஓலைச்சுவடிக்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பிரதியிலும் ஏடு வேறு இடத்தில் முடியும். அதனால் நம் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பாட்டையே எழுதிவிட்டு, 'என்றார் பிறரும்' என்று போய்விடுவார்கள். யார் அந்தப் பிறர், எந்த நூல் என்பது படிப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை உடைந்த காலத்தில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று சுவடி சுவடியாகத் தேட வேண்டியிருந்தது. முகவரி இல்லாத மேற்கோள் பின்னால் வருகிறவர் ஆயுளைத் தின்னும். 1887-ல் சிந்தாமணி அச்சேறியதற்குப் பின்னால் அப்படித் தின்ற வருடங்கள் இருக்கின்றன.

முகவரியை வைத்து என்ன செய்யலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர்களும் சட்டக்காரர்கள்தான். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்ற பதிப்பாளர் 1873-ல் பசை தடவிய சின்னச் சின்னத் தாள்களை விற்கத் தொடங்கினார். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எது அதைத் தள்ளிவைத்தது என்று அச்சிட்ட தாள். வக்கீல் அதைத் தன் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. இந்த யோசனையைப் பார்த்துத்தான் யூஜீன் கார்ஃபீல்டு 1955-ல் அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எழுதினார். அறுபதுகளில் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக அது வந்தது. யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று எண்ணினால் எது முக்கியம் என்று தெரியும் என்ற அதே தர்க்கத்தை 1998-ல் இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இணையப் பக்கங்களுக்குப் பொருத்தினார்கள். அதுதான் கூகுள். வக்கீல் ஒட்டிய பசைத்தாளுக்கும் நம் போனில் உள்ள தேடல் பெட்டிக்கும் இப்படி ஒரு தாயாதி உறவு உண்டு.

செட்டியார் எந்த எழுத்தில் வருவார்?

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். 1977-ல் டொனால்டு கனூத் தன் கணினி நூலின் மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து நொந்துபோய், அச்சுக் கோப்பதற்குத் தானே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். அது டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் எண்பதுகளில் லாடெக்கைக் கட்டினார். 1985-ல் ஓரன் படாஷ்னிக் அதற்குத் துணையாக பிப்டெக்கை எழுதினார். நூற்பட்டியல் விவரங்களை ஒரு கோப்பில் தனித்தனிப் புலங்களாக வைத்துவிடலாம். எந்த இதழ் எந்த வடிவம் கேட்டாலும் பாணிக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். சரக்கு ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். அறிவியல் எழுதுகிறவர்களுக்கு இது வரம். சென்னையிலும் புதுச்சேரியிலும் வளர்ந்த பதிப்புச் சேவை நிறுவனங்களில், உலகத்தின் ஆய்விதழ்களுக்கு இந்த மாதிரிக் கோப்புகளைச் சரிபார்த்தே சம்பாதித்த தலைமுறை ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தை மையமாக வைத்து 1998-ல் இந்திய டெக் பயனர் குழுவும் தொடங்கியது.

ஆனால் பிப்டெக்குக்குள் ஒரு உலகப் பார்வை ஒளிந்திருக்கிறது. ஒரு நூலுக்கு ஆசிரியர் இருப்பார், அவருக்குக் குடும்பப்பெயர் இருக்கும், அது கடைசிச் சொல்லாக வரும். நம்ம ஊரில் இந்த மூன்றும் தடுமாறும். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரை அது 'செட்டியார், ஆர்.கே. சண்முகம்' என்று ஆக்கிச் 'செ' வரிசையில் வைக்கும். ஜி.டி. நாயுடு, 'நாயுடு, ஜி.டி.' ஆவார். சாதிப்பெயர் சந்து சந்தாக ஆட்களைப் பிரித்து உட்காரவைத்த மாதிரி ஒரு நூற்பட்டியல் கிடைக்கும். பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம் மட்டும் ஒரே சொல் பெயர் என்பதால் தப்பித்து, தன் பெயரிலேயே வருவார். கோவை வக்கீலும் கொங்கு வரலாறு எழுதியவருமான இராமச்சந்திரன் செட்டியார், 'கோவைகிழார்' என்ற பெயரிலும் எழுதியவர். அவரை எந்த எழுத்தில் தேடுவது? இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. பெயரை இரட்டை அடைப்புக்குள் போட்டுவிட்டால் நிரல் அதை உடைக்காது. ஆனால் அந்த வைத்தியம் தேவைப்படுகிறது என்பதே, வரைபடம் யார் வீட்டை மனதில் வைத்துப் போட்டது என்று சொல்லிவிடுகிறது.

தீர்ப்பு என்று வந்தால் இன்னும் மோசம். அதற்கு ஆசிரியர் இல்லை. 'ஆசிரியர் புலம் காலியாக இருக்கிறது' என்று பிப்டெக் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். தலைப்பு என்பது சண்டை போடும் இரண்டு பேர். வருடம் சில இதழ்களில் அடைப்புக்குள் முன்னால் வரும், சிலவற்றில் தொகுதி எண்ணே வருடம்தான். அறிவியல் கட்டுரையில் [12] என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போகலாம். நீதிமன்றத்தில் அது செல்லாது. ஏன் என்று கோவையில் ஒரு மூத்த வக்கீலிடம் கேட்டேன். "தம்பி, உங்க சயின்ஸுல ரெஃபரன்ஸுங்கறது எங்கிருந்து எடுத்தீங்கன்னு சொல்றதுங்க. எங்களுக்கு சைட்டேஷனேதான் வாதம். எந்தக் கோர்ட்டு, எத்தனை ஜட்ஜு, எந்த வருசம், அப்புறம் யாராச்சும் அதை மாத்திட்டாங்களா, இத்தனையும் அந்த ஒரு வரியில ஜட்ஜ் பார்த்துருவாருங்க" என்றார்.

அவர் சொன்னதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை ராஜஸ்தான் பிச்ரி கிராம வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: (1996) 3 எஸ்.சி.சி. 212. சில மாதங்களில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அதைத் தோல் தொழிற்சாலைகளுக்குப் பொருத்தியது: (1996) 5 எஸ்.சி.சி. 647. அந்தத் தீர்ப்பு தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்த தோல் ஆலைகளின் மாவட்டப் பட்டியலில் அன்றைய ஈரோடு பெரியார் மாவட்டமும் உண்டு. அதே கொள்கைதான் பின்னால் நொய்யல் வரைக்கும் வந்தது. ராஜஸ்தானத்துக் கிணறு, பாலாறு, நொய்யல் என்று தண்ணீர் சேர முடியாத இடங்களை எல்லாம் சைட்டேஷன் சேர்த்துவிடுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணியின் முகவரி தப்பாக இருந்தால் வாதம் அங்கேயே அறுந்துவிடும்.

மென்பொருள்காரர்கள் முயலாமல் இல்லை. ஜெர்மன் சட்ட மாணவர்களுக்காக யென்ஸ் பெர்கர் ஜூராபிப் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்கோலா விதிகளுக்கு, பால் ஸ்டான்லி என்ற இங்கிலாந்து பாரிஸ்டர் பிப்லாடெக்கில் ஒரு பாணிக் கோப்பு செய்தார். வழக்குகளுக்குத் தனி அட்டவணை, சட்டங்களுக்குத் தனி அட்டவணை, முதல் முறை முழு வடிவம், அடுத்த முறை சுருக்கம் என்று எல்லாம் தானாக வரும். ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் பென்னட், ஜோட்டெரோவைச் சட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி ஜூரிஸ்-எம் என்று கொடுத்தார். ஆனால் பொதுவான பிப்லாடெக்கை எடுத்தால், 'ஜூரிஸ்டிக்ஷன்' என்று ஒரு பதிவு வகை பேருக்கு இருக்கும். அடிப்படைப் பாணிகள் அதை 'உதிரி' வகையோடு சேர்த்தே அச்சிடும். சட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் வேர்டில் கையால் தட்டுகிறார்கள். நம் உயர் நீதிமன்றத்தில் மனுவோடு கொடுக்கும் டைப்டு செட்டும் தீர்ப்புத் தொகுப்பும் அப்படித்தான் தயாராகின்றன. ஜூனியர் ஒருவர் ராத்திரி உட்கார்ந்து, பழைய மனுவிலிருந்து காப்பி செய்து, புதிய மனுவில் ஒட்டுவார். ஒரு மனுவில் புகுந்த தப்பு எண் பத்து மனுவுக்குப் பரம்பரையாகப் போகும்.

எண் யாருடைய சொத்து?

கணினி வந்தபோது பக்கம் கரைந்துவிட்டது. திரையில் 737-ஆம் பக்கம் என்று ஒன்று கிடையாது, உருட்டிக்கொண்டே போகலாம். ஆனால் முகவரி மட்டும் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. தீர்ப்பின் வாசகத்தைக் குறுந்தகட்டில் போட்டு விற்க நினைத்தவர்கள், பழைய இதழின் எண்ணையும் காட்டாவிட்டால் எந்த வக்கீலும் வாங்கமாட்டார். காட்டினால் இதழ்காரர் சும்மா இருப்பாரா?

அமெரிக்காவில் இது முதலில் வெடித்தது. வெஸ்ட் பதிப்பகத்தின் பக்க எண்களை லெக்சிஸ் தன் திரையில் நட்சத்திரக் குறியோடு காட்ட முயன்றபோது, 1986-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வெஸ்ட் பக்கம் நின்றது. 1998-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மேத்யூ பெண்டர் வழக்கில், பக்கம் எங்கே உடைகிறது என்பதில் படைப்பு எதுவும் இல்லை என்று எதிர்ப்பக்கம் சொன்னது. இடையில் 1991-ல் அங்கே உச்ச நீதிமன்றம், டெலிபோன் டைரக்டரிக்குக் காப்புரிமை கிடையாது, உழைத்துத் தொகுத்தால் மட்டும் போதாது, துளியாவது படைப்பு இருக்க வேண்டும் என்று தீர்த்திருந்தது.

இந்தியாவில் அந்தச் சண்டை ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோதக் என்ற பெயரில் வந்தது. கிராண்ட் ஜூரிக்ஸ், தி லாஸ் என்ற இரண்டு மென்பொருள்கள் எஸ்.சி.சி.யில் செம்மைசெய்து வெளியான தீர்ப்புகளை எடுத்துக்கொண்டன என்பது புகார். 2007 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் நடுவில் ஒரு கோடு போட்டது. தீர்ப்பின் வாசகம் பொதுச்சொத்து. எழுத்துப்பிழை திருத்தியதாலும், இணை சைட்டேஷன் சேர்த்ததாலும் அது தனியார் சொத்தாகாது. ஆனால் நீளமான தீர்ப்பைப் பத்திகளாகப் பிரித்து எண் கொடுப்பது, உள்ளே ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றைச் சுட்டுவது, எந்த நீதிபதி உடன்பட்டார் எவர் ஓரளவு மாறுபட்டார் என்று குறிப்பது ஆகியவற்றுக்குச் சட்ட அறிவும் தேர்வும் வேண்டும். அவை பதிப்பாளருக்குச் சொந்தம்.

பொறியாளனாக எனக்கு இதில் ரொம்ப யோசிக்க வைத்தது பத்தி எண்தான். வக்கீல் வாதிடும்போது "57-ஆம் பத்தி பாருங்க" என்பார். அந்த 57 ஒரு இதழ் கொடுத்த எண்ணாக இருந்தால், சட்டத்தின் உள்ளே இருக்கும் அறைகளுக்குத் தனியார் பூட்டு போட்ட மாதிரி ஆகிறது. செய்தவர் உழைத்தார் என்பதில் சந்தேகமில்லை. அவர்களுடைய எண்ணைத்தான் நாடே நம்புகிறது. கேள்வி, அந்த வேலையை நீதிமன்றமே ஏன் செய்யவில்லை என்பது. இந்தத் தீர்ப்பை எப்படிச் சுட்டுகிறார்கள் தெரியுமா? (2008) 1 எஸ்.சி.சி. 1. வாதியின் இதழில், அந்த வருடத்தின் முதல் தொகுதியில், முதல் பக்கம்.

வீட்டுக்காரர் கொடுத்த எண்

வழி ஏற்கெனவே இருந்தது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1998-ல் தன் தீர்ப்புகளுக்குத் தானே எண் கொடுத்தது. இங்கிலாந்து 2001 ஜனவரியில் அதைப் பின்பற்றியது. வருடம், நீதிமன்றத்தின் குறியீடு, வரிசை எண், உள்ளே நீதிபதியே இட்ட பத்தி எண். புத்தகமோ பக்கமோ தேவையில்லை. யார் அச்சிட்டாலும் எந்தத் திரையில் படித்தாலும் முகவரி ஒன்றே. இதை நியூட்ரல் சைட்டேஷன் என்கிறார்கள். தமிழில் நடுநிலைச் சுட்டு எனலாம்.

நமக்கு இது 2023-ல் வந்தது. ஜனவரி 2-ல் ஏறக்குறைய 34,000 தீர்ப்புகளோடு உச்ச நீதிமன்றத்தின் இலவச இ-எஸ்.சி.ஆர். திறந்தது. பிப்ரவரி 23-ல் தலைமை நீதிபதி சந்திரசூட், எல்லாத் தீர்ப்புக்கும் நீதிமன்றமே எண் கொடுக்கும் என்று அறிவித்தார். '2023 ஐ.என்.எஸ்.சி. 1' என்பது வடிவம். நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இப்போது 'நியூட்ரல் சைட்டேஷன்: ஆம் / இல்லை' என்ற வரியைப் பார்க்கலாம். 1875-ல் சட்டம் போட்டுச் சாதிக்க முடியாததை ஒரு வரிசை எண் சாதிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சட்டம் வாசகத்தை யார் அச்சிடலாம் என்று கட்டுப்படுத்தப் பார்த்துத் தோற்றது. இது முகவரியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, அச்சிடுவதை எல்லோருக்கும் விட்டுவிடுகிறது.

இது யாருக்கு உதவும் என்றால், முதலில் சின்ன ஊர் நீதிமன்றங்களுக்கு. தாராபுரத்திலோ காங்கேயத்திலோ புதிதாகத் தொழில் தொடங்கும் ஒரு வக்கீலுக்குச் சந்தா கட்டும் தரவுதளமும், சுவர் நிறையப் பைண்ட் தொகுதிகளும் எட்டாத செலவு. எதிர்த்தரப்பு சீனியரிடம் இரண்டும் இருக்கும். இதுவரை அந்த வித்தியாசம் வாதத்துக்குள்ளும் வந்துகொண்டிருந்தது. இனி போனில் இலவசமாக எடுத்த தீர்ப்புக்கும் முழு மரியாதை உள்ள ஒரு எண் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாமல் தன் வழக்கைத் தானே படித்துப் பார்க்கும் ஆயக்கட்டு விவசாயிக்கும் அதே எண்தான்.

வேலை முடிந்துவிடவில்லை. மாவட்ட நீதிமன்ற வழக்குகளுக்கு சி.என்.ஆர். என்று 16 இலக்கக் குறியீடு உண்டு. அது வழக்கின் எண், தீர்ப்பின் எண் அல்ல. ஒரு வழக்கில் பல உத்தரவுகள் வரும். எதைச் சுட்டுகிறோம் என்று சி.என்.ஆர். சொல்லாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழாக்கம் ஆகி வருகின்றன. மொழிபெயர்ப்பிலும் மூலத்தின் பத்தி எண் பிசகாமல் இருந்தால்தான் தமிழில் படித்தவர் ஆங்கிலத்தில் வாதிடுபவரோடு ஒரே இடத்தில் விரல் வைக்க முடியும். வேதநாயகம் பிள்ளை 1862-ல் தனியாளாகத் தொடங்கியதற்கு இப்போதுதான் அடித்தளம் கிடைத்திருக்கிறது.

மென்பொருள் தெரிந்தவர்களுக்கும் இதில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அது பெரிய வேலையும் அல்ல. ஐ.என்.எஸ்.சி. எண்ணைத் திறவுகோலாக வைத்து, அதே தீர்ப்பின் எஸ்.சி.சி., ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.ஆர். எண்களை இணைக்கும் ஒரு திறந்த பட்டியல். பழைய எண்ணைத் தட்டினால் புதிய எண் வரவேண்டும். அதன்மேல், கட்சிக்காரர் பெயரை உடைக்காத, இனிஷியலைக் குடும்பப்பெயராக நினைக்காத, தமிழ் அகரவரிசை தெரிந்த ஒரு பிப்லாடெக் பாணிக் கோப்பு. ஜெர்மன்காரருக்கு ஒருவர் செய்தார், இங்கிலாந்துக்கு ஒரு வக்கீலே உட்கார்ந்து செய்தார். இத்தனை இன்ஜினியரிங் காலேஜும் இத்தனை கோர்ட்டும் உள்ள நம்ம பக்கத்தில் அதைச் செய்ய நாலு பேர் கிடைக்கமாட்டார்களா?